துவக்கில்லாத துவக்கு மாமா

கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எங்கள் துவக்கு மாமாவைப் போல ஒரு வேட்டைக்காரர் பிறந்ததில்லை; இனிப் பிறக்கப்போவதும் இல்லை. வேட்டைக்கு வேண்டிய சகலமும் அவரிடம் இருந்தது, துவக்கு என்கிற துப்பாக்கி ஒன்றைத் தவிர. அனுமதிப்பத்திரத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அதற்குள் கத்தாரில் இருக்கும் மகன் முழங்கால்வரை ஏறும் சப்பாத்து, தலையில் கட்டும் டோர்ச், பைனாகுலர் என்று அனுப்பித் தள்ளிவிட்டான்.

இலை நிறத்தில் புள்ளி போட்ட வேட்டைச் சட்டையை மட்டும் மாமாவே வேண்டாம் என்றார். ஆமி உடுப்பென்று பொலிஸ் பிடித்துவிடுமாம். பதிலுக்குப் பழைய சட்டையில் தேயிலைச் சாயத்தையும் ரப்பர்ப் பாலையும் பூசி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். பால் உறைந்து நெஞ்சு முடியோடு ஒட்டிக்கொண்டது. அத்தை கத்தரிக்கோலால் வெட்டி உரித்தபோது அவர் போட்ட கூச்சலில் வரிசை வீடுகளான எங்கள் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

கைப்பேசியில் வெளிநாட்டு வேட்டை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பெண் பன்றி கூப்பிடும் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தார். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம் புதருக்குள் குந்திக்கொண்டு அதைப் போட்டார். பன்றி வரவில்லை. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள முதலாளிதான் லைசென்ஸ் துவக்கோடு வந்தார். துவக்கு புதரை நோக்கித் திரும்பியதும் மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மஹத்தயா, மம ஊரெக் நெமெயி!"

நான் பன்றி இல்லை ஐயா என்று ஒரு மனுஷன் சிங்களத்தில் சத்தியம் பண்ணுவதைக் கேட்டு முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கைப்பேசி மட்டும் புதருக்குள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த மழைக் காலத்தில்தான் லெட்சுமி அக்காவின் மரவள்ளித் தோட்டத்தில் பன்றிகள் இறங்கின. கணவனை இழந்தவர். மழை பிடித்து ரப்பர்ப் பால்வெட்டு நின்றால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கிழங்குதான் சோறு. பாதியைக் கிண்டிப் போட்டுவிட்டன. மீதிக்குள் இரையோடு வெடி வைப்போம் என்றார்கள் லயத்துப் பையன்கள். மாமாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"புள்ளைங்க நடமாடுற எடம்டா. வெடிய வச்சிட்டு வீட்ல போய்ப் படுக்குறவன் வேட்டக்காரனா? நானே போய்க் குந்துறேன்."

குந்தினார். கிழங்கு முற்றும்வரை, பொழுதுபட்டதும் சப்பாத்தும் டோர்ச்சுமாக, மூட்டுவலித் தைலத்தை அள்ளிப் பூசிக்கொண்டு காவல் இருந்தார். தைலத்தின் நெடியோ, கைப்பேசியில் கத்திய வெள்ளைக்காரப் பன்றியோ தெரியாது, ஒரு பன்றியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டம் பிழைத்தது. மாமாதான் இடிந்துபோனார்.

"ஒன்னுகூட வரலியே மாப்ள. நானெல்லாம் என்னா வேட்டக்காரன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

பன்றி விழுந்தால் முதல் பங்கு அதை வீழ்த்தியவருக்கு என்பது எங்கள் பக்கத்து முறை. கிழங்கு பிடுங்கிய அன்று லயமே அக்கா வாசலில் கூடியிருந்தது. அவித்த கிழங்கும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலுமாக முதல் தட்டை, தன் பிள்ளைகளுக்குக்கூட வைக்காமல், அக்கா மாமாவிடம் நீட்டினார்.

"சாப்புடுங்கண்ணே. மொதப் பங்கு வேட்டக்காரருக்குத்தான்."

மாமா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அவரைக் கேலி பண்ண எனக்கே மனம் வரவில்லை. அவர் ஆற அமரச் சாப்பிட்டு முடிக்கும்வரை, வெடி வைக்கக் கிளம்பிய பையன்கள் உட்பட, நாங்கள் ஒருவரும் கிழங்கில் கை வைக்கவில்லை.