ஆமென் சொல்வதற்குள் ஆறிப்போன நூடுல்ஸ்

மெட்ராசில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவனைப் போல ஆபத்தான பிராணி திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. அவனுக்கு ஊர்த் தண்ணீர் சேராது, ஊர் பஸ் மெதுவாகப் போகும், ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் அதில் சற்று முற்றிய கேஸ். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கம்பெனியில் பயிற்சி முடித்துப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது என் பெட்டியில் ஒரு சோயா சாஸ் பாட்டிலும், வாயில் 'சைனீஸ்' என்ற சொல்லும் இருந்தன. (பாட்டில் ஒரே நாளில் தீர்ந்தது. சொல்லை நிறுத்த மற்றவர்கள் பாடுபட வேண்டியிருந்தது.)

திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்ஷனுக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் கடை. தினமும் அதன் வாசலில் நின்று, மாஸ்டர் சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை வேடிக்கை பார்ப்பேன். பார்த்ததையெல்லாம் செய்யத் தெரியும் என்று நினைக்கிற வயது.

அந்தச் சமயத்தில்தான் மெர்சி அக்காவுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை செல்வின், கல்லூரி ஆசிரியர். அவருடைய அப்பா தேவசகாயம் சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, பெண் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஏற்கெனவே வந்த இரண்டு மூன்று இடங்கள் தட்டிப்போய், அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நேரம் அது.

"சோறு, கோழிக் குழம்பு, அவியல். போதும்லா?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளை காலேஜ் வாத்தியாரும்மா. குழம்பச் சாப்பிடவா ஸ்ரீவைகுண்டத்துல இருந்து வாராரு? நான் சைனீஸ் செய்யுதேன். சிக்கன் நூடுல்ஸ். பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "பய நாலு எடம் பாத்தவன். செய்யட்டும்." (அப்பா கோவில்பட்டியைத் தாண்டியதில்லை.)

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஏலே சாமு, தச்சநல்லூர்க் கல்யாண வீட்டுல அவங்களப் பாத்திருக்கேன். எனக்குப் புடிச்சிருக்கு. ஒன் வித்தையக் காட்டி இதக் கெடுத்தேன்னு வையி, அந்தச் சட்டியிலயே ஒன்னயும் போட்டு வதக்கிருவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் அவள் தோளைத் தட்டி, "கவலப்படாதக்கா, இந்தச் சம்பந்தத்த முடிக்கப் போறதே என் நூடுல்ஸ்தான்" என்றேன். அப்போது எனக்கு ஓர் அறை விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் அடுப்பங்கரையில் நின்றேன். அப்பா வாங்கி வந்திருந்தது நல்ல வயதான நாட்டுச் சேவல். கறியை நார் நாராக நறுக்கும்போது, சேவலுக்கு ஒரு கால்தான் இருக்கிறது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

கோயிலுக்குக் கிளம்பும்போதே அம்மா கெஞ்சியிருந்தாள். "நாட்டுச் சேவலுலே. குக்கர்ல போட்டு எறக்கிக்கோ."

"சைனாவுல குக்கர் வைக்க மாட்டாங்கம்மா. எல்லாம் சட்டுனு வதக்கி எடுக்கணும்."

"சைனாவுல இந்தச் சேவல் இருக்காதுல்லா."

விவரம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

நூடுல்ஸ் பளபளவென்று இருக்க அந்த மாஸ்டர் ஏதோ வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றுவார். அது சோளமாவு என்று இப்போது தெரியும். அன்று என் கண்ணில் பட்டது மைதா. மைதாவைக் கரைத்துச் சூடுபடுத்தினால் எங்கள் ஊரில் அதற்குப் பசை என்று பெயர், சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். நான் ஒரு கிண்ணம் நிறையக் கரைத்து ஊற்றினேன்.

விருந்தாளிகள் வந்தாயிற்று. அக்கா காப்பி கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார, நான் ஆவி பறக்கப் பெரிய பீங்கான் தட்டை நடுவில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் அது அருமையாக இருந்தது. பளபளவென்று, கேரட்டும் முட்டைக்கோசும் மினுங்க, மெட்ராஸ் கடையில் இருந்ததைப் போலவே.

அப்பா பெண் வீட்டு வழக்கப்படி, "எல்லாம் எங்க மெர்சி கைப்பக்குவம்தான்" என்று ஒரு போடு போட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஜெபிப்போமா?" என்று தேவசகாயம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

சாப்பாட்டு ஜெபம் என்றால் எங்கள் வீட்டில் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். சார் கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. முதலில் எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்தார். பிறகு அவர்கள் குடும்பம். பிறகு தூரதேசத்து மிஷனெரிமார், பரீட்சை எழுதும் பிள்ளைகள், விதவைகள், பிரயாணம் செய்கிறவர்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆவி நின்றுவிட்டது. "ஆண்டவரே, எங்கள் மணிமுத்தாறு அணை நிரம்பி வழிய வேண்டும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கடைமடை வாழைக்கும் தண்ணீர் வந்து சேர வேண்டும்..." தட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் நூடுல்ஸ் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. பளபளப்பு போய் மேலே ஏடு படிந்தது. அது அழகு கெட்டதற்கு என்னைத் தவிரச் சாட்சியே கிடையாது, மற்ற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் துணிந்து, "ஆமென்!" என்று ஓங்கிச் சொன்னேன்.

வந்தது வினை. இந்தக் காலத்து இளைஞன் ஒருவனுக்கு ஜெபத்தில் இவ்வளவு ஆவலா என்று சாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "இந்த வாலிபனுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று இளைய தலைமுறைக்காகப் புதிதாக ஆரம்பித்தார். கடைசியில், "இந்த உணவைச் சமைத்த கரங்களை ஆசீர்வதியும்" என்று முடித்தபோது அந்தக் கரங்களை நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அம்மா கரண்டியால் அள்ளினாள். நூடுல்ஸ் மொத்தமும் ஒரே கட்டியாக எழும்பி வந்தது, கூடவே தட்டும் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார். "இது கேக்கா மைனி?"

அம்மா கத்தி எடுத்துவந்து துண்டு போட்டாள். செல்வின் ஒரு துண்டை வாங்கி மெல்ல ஆரம்பித்தார். நூடுல்ஸ் இறங்கிவிட்டது, சேவல் இறங்கவில்லை. தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணில் நீர் கட்டியது. ஆனாலும் மனிதர் முகம் சுளிக்காமல் தட்டை நீட்டி, "இன்னொரு துண்டு வைங்க" என்றார்.

அவர் அம்மா அக்காவிடம் திரும்பினார். "நீதான் செஞ்சியாம்மா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நான் அப்படியே கதவோரமாகப் பைய நகர்ந்தேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நான் செஞ்சா இப்படியா அத்த இருக்கும்? இது அந்தா, கதவுக்குப் பின்னால ஒளியுதானே, எங்க வீட்டு மெட்ராஸ்காரன், அவன் செஞ்சது. அப்பா சும்மா சொல்லுதாங்க."

செல்வின் இரண்டாவது துண்டை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவளை நேராகப் பார்த்தார். "நீங்க செஞ்சதுன்னு நெனச்சுல்லா வாங்குனேன்? அப்ப இதச் சாப்பிட வேண்டாம்லா?"

முதலில் சிரித்தது தேவசகாயம் சார்தான். அக்கா முகம் சிவந்து கொல்லைப்பக்கமாக ஓடி, பக்கத்து வீட்டு டீச்சர் அடுப்பில் தானே விடியற்காலையிலேயே வைத்து மறைத்திருந்த கோழிக் குழம்பையும் சோற்றையும் கொண்டுவந்து வைத்தாள். சேவலின் இன்னொரு கால் அதில் இருந்தது. சம்பந்தம் அன்றைக்கே முடிவானது. பஸ் ஏறும்போதும் செல்வின் அத்தான் எதையோ மென்றுகொண்டிருந்ததாகக் கேள்வி.

இப்போது சாருக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருடைய சாப்பாட்டு ஜெபம் ஒரே வரிதான், உணவு ஆறிவிடும் என்று பயம். ஆனால் தொடங்குவதற்கு முன்னால், "சாமு அடுப்பங்கரைக்குப் போனானா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் அப்பளம் மட்டும்தான் பொரித்தேன். வழக்கம்போலக் கேட்டார். அக்கா முந்திக்கொண்டு, "அப்பளம் அவன் பொரிச்சது மாமா" என்றாள்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.