மரபணுவில் இல்லாத அப்பச்சி

ராயவரம்,
திருமயம் தாலுகா.

மரியாதைக்குரிய சுந்தரேசன் அண்ணனுக்கு, பங்காளி வயிரவன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் கௌசல்யாவும் சௌக்கியம். எங்களோடேயே இருக்கும் பிள்ளை சிவா சௌக்கியமா என்பதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினீர்கள், சந்தோஷம். பந்தியில் அத்தனை பேர் காதிலும் விழ, "தம்பி, நீ இருவத்தி நாலு வருஷம் வளத்தா என்ன? எல்லாம் மரபணுவுல எழுதியிருக்கு. அவன் எங்க வீட்டு ஆளாத்தான் வருவான்" என்று சிரித்தீர்கள். இரண்டு வயதில் உங்களிடமிருந்து நாங்கள் சுவீகாரம் எடுத்த பிள்ளை. மரபணுப் பேராசிரியர் சொன்னால் தப்பாக இருக்குமா? போதாக்குறைக்கு, பெங்களூரில் உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே வேலை, உங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று அவனுக்கு ஆசை காட்டிவிட்டுப் போனீர்கள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவனை வேவு பார்க்கிறேன். உங்களைப் போல மூக்கை உறிஞ்சுகிறானா, அடுத்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறானா (மன்னிக்கவும், ஆராய்ச்சி என்றால் எல்லாவற்றையும் எழுதத்தானே வேண்டும்) என்று நோட்டுப் போட்டுக் குறித்தேன். ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. தண்ணீர் குடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். போனில் பேசும்போது இடது காதுமடலை இழுத்துக்கொண்டே இருக்கிறான். வளவு முற்றத்தைச் சுற்றி நடந்தால் மூன்றாவது தூணைத் தொடாமல் போவதில்லை. அண்ணே, இதெல்லாம் என்னைப் பெற்ற அப்பச்சி செய்தது! அப்பச்சி காலமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் சிவா பிறந்தான். எனக்கு இந்தப் பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது, கௌசல்யா சாட்சி. போட்டோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்றால், அதில் அப்பச்சி அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி. முகப்பில் அப்பச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சும்மா தாண்டிப் போனேன். நிமிராமலே, "ஏன்டா, இன்னமும் குளிக்கலையா?" என்றான். அப்பச்சி அதட்டுகிற அதே குரல். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஓடிப்போய்க் குளித்துவிட்டேன். ஈரத்துண்டோடு வந்து நின்றால், "என்னப்பா, காலையிலதானே குளிச்சீங்க? ஏன் இப்புடி நடுங்குறீங்க?" என்கிறான்.

பங்காளி ரத்தம் ஒன்றுதானே என்பீர்கள். நமக்குப் பொதுப் பாட்டன் ஏழு தலைமுறைக்கு அப்பால். அவர் டம்ளரைத் தட்டியதை யார் கண்டது? எழுதியிருக்கிறது என்றீர்களே, படிப்பது யார்? உங்கள் ஆத்தா எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துத்தான் கௌசல்யா வெள்ளைப் பணியாரம் சுடுகிறாள். அளவு இம்மி பிசகாது. உங்கள் வீட்டில் பூப்போல வருகிறது, எங்கள் வீட்டில் வறட்டி போல வருகிறது. அடுப்பு, சட்டி, கை எல்லாம் சேர்ந்தால்தானே பண்டம்? எழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், அவனைச் சுட்டெடுத்தது இந்த வீடு. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. அப்பச்சியே அவனைப் பேரனாக ஒத்துக்கொண்டுவிட்டார். அவன் எங்கள் பிள்ளை. தயவுசெய்து அவனைக் கூப்பிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணிக்கு நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நம் கோயில் சாமி உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் அடக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
வயிரவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார்கள். "தம்பி, ஒங்க அண்ணன் அங்கிட்டு முகப்புல அந்த நாற்காலியில மூணு நாள் உக்காந்துட்டு வந்ததுலேர்ந்து ஒரு மாதிரி இருக்காக. டம்ளரைக் கவுத்துத் தட்டுறாக. ஃபிரிட்ஜைத் தொடாமத் தாண்டிப் போக மாட்டேங்குறாக. நீங்களே பேசுங்க" என்று உங்களிடம் கொடுத்தார்கள். உங்களுக்கு நினைவிருக்காது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் என்னை என்றைக்கும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "வயிரவா, பிள்ளைய அனுப்பி வைடா" என்று குரல் வந்தது. அந்தக் குரலுக்கு நான் முடியாது என்று சொன்னதே கிடையாது. சிவாவுக்கு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பச்சி.