இடுப்பு எழுதிய காட்சி

அருள்பிரகாசம் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் நாடகத்தில் ஒரு காட்சி முடிந்துவிடும். இரண்டு சுற்று என்றால் பேனா முள்ளில் புகை வரும். பக்கத்தில் அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் தண்ணீர்ச் சொம்போடு நிற்க வேண்டும். ராயபுரம் முழுக்க அவனே சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம் இது.

கேட்டவர்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். துறைமுகத்து மேஸ்திரி லோகநாதன் மட்டும் சிரிக்கக்கூட இல்லை.

"இடுப்பு எழுதுதா? அப்போ கை இன்னாத்துக்கு, காது குடையவா? உன்னைத் தூக்கலாம்டா, உன் பொய்யைத் தூக்க இந்தக் கிரேனுக்குத் தெம்பு கிடையாது."

அந்த வருஷம் இடுப்புக்கே சோதனை வந்தது. கோயில் திருநாள் நாடகத்தில் இளவரசியும் மீனவனும் முதன்முதலாகக் கைதொடும் காட்சி வரவே மாட்டேன் என்றது. சனிக்கிழமை ஒத்திகைக்குள் வராவிட்டால் மேடை திருவொற்றியூர்க் குழுவுக்குப் போய்விடும். இளவரசியாக நடிக்கும் வால்டர் மீசையை வேறு எடுத்துத் தொலைத்திருந்தான்.

கண்ணை மூடி, வீட்டுக் கூடத்தில் முழு மூச்சாக ஆடினான் அருள். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் சாவிக்கொத்தோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, வலிப்பு! புடி நைனா, வுடாத!"

சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து அவள் அழுத்திய அழுத்தத்தில், கோயில் மணி அடிக்கும்வரை வலக்கை அவனுடையதாக இல்லை. பேனாவை எதில் பிடிப்பது?

தனியாக ஆடினால்தானே வலிப்பு என்கிறார்கள்? ஃப்ளோரன்ஸைக் கூப்பிட்டான்.

"அய்ய, மீன் கொதிச்சிகினு கீது. இப்போ போயி இன்னா ஆட்டம்?"

சொன்னாளே தவிர, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் உள்ளங்கை அவன் பிடரியில் படிந்தது. இருவரும் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினார்கள். அவள் மூச்சுக்கு ஒரு தாளம் இருப்பதை அன்றுதான் அவன் உடம்பு கேட்டது. முதல் வரி முழங்காலில் பிறந்து தொண்டை வரை ஏறியது. சட்டென்று பேனாவுக்குத் தாவினான்.

"இப்போதான் ஆட்டம் புடிச்சிது. அதுக்குள்ள எங்க ஓடுற?" என்று அவள் இழுத்தாள்.

மீன் கருகியது. வரி மறுபடி முழங்காலுக்கே இறங்கிவிட்டது.

"மிச்சத்த ஹார்பர்ல போயி ஆடு" என்றாள், முகம் சிவந்து.

ஆடினான். அதுதான் வினை.

கப்பல் தளத்தில் நின்று, மேலே கிரேன் ஓட்டும் நீலமேகத்துக்குச் சைகை காட்டுவது அவன் வேலை. கை ஏறினால் சரக்கு ஏறும். கை தாழ்ந்தால் இறங்கும். இரைச்சலில் பேச்சுக் கேட்காது. நீலமேகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அருளின் உடம்பு மட்டும்தான்.

அன்று அமெரிக்கக் கோதுமைக் கப்பல். கப்பலின் அடித்தளத்தைப் பார்க்க லோகநாதன் கிரேனில் தொங்கிய சரக்குத் தட்டில் ஏறி நின்றார். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று அருளின் பிடரியில் உள்ளங்கைபோலப் படிந்தது. இடுப்பு அசைந்தது.

அருளுக்குள் இருந்த இளவரசி கையை உயர்த்தினாள். லோகநாதன் வானத்துக்குப் போனார். வெட்கப்பட்டுத் தாழ்த்தினாள்; விழுந்தடித்து இறங்கினார். அவள் திரும்ப, இவர் கடலுக்கு மேலே! சங்கிலியைக் கட்டிக்கொண்டு, தட்டு சாயும் பக்கமெல்லாம் அவரும் இடுப்பை வளைத்து வளைத்து ஆடினார். நாரைகள் வழிவிட்டன. எண்ணூர் மீனவர்கள் வலையை மறந்தார்கள். கப்பல் கேப்டன் சல்யூட் அடித்தார்.

கீழே வந்த லோகநாதன் அருளை உற்றுப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும், அருளுக்குள் முழுசாகத் திரண்டிருந்த காட்சி அப்படியே கடலில் கொட்டிப்போனது.

"நீ சைகை காட்டின, நான் தூக்கினேன்" என்றான் நீலமேகம். "இன்னா பாட்டுன்னுதான் வெளங்கல மாமு."

நாடகம் போச்சு, வேலையும் போச்சு. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. லோகநாதன்.

"கால்ல வுழுந்துடு" என்று கிசுகிசுத்தாள் ஃப்ளோரன்ஸ்.

லோகநாதன் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"பேனா எடு."

"ராஜினாமாவா மேஸ்திரி?"

"எழுதுடா!"

அவர் கண்கள் மூடின. எந்த அதிகாரிக்கும் வளையாத அந்த இடுப்பு, இடமும் வலமுமாக அசையத் தொடங்கியது.

"'தொடாதே மீனவா, தொட்டால் நான் கடலாகிவிடுவேன்'னு சொல்றா. சொல்லிட்டு, கைய மட்டும் நீட்டிகினு நிக்கிறா..."

அருள் எழுதினான். ஃப்ளோரன்ஸ் ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்தாள்.

திடீரென்று லோகநாதன் நின்றார். நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஒத்துக்கிறேன்டா, இடுப்புதான் எழுதுது. பாதிதான் இறங்கிச்சி, நாளைக்குக் காலையில என்னை இன்னொரு வாட்டி தூக்கு."