டப்பா பாய் ‘சரி’ அழுத்திய நாள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனையோ கோபக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டத்தைப் பார்த்து ரத்தக் கொதிப்பு ஏறியவர் இந்த உலகத்திலேயே டப்பா பாய் ஒருவர்தான்.

அவர் டைப்பிங் கடை வைத்திருந்தார். நான் அங்கே கூட்டிப் பெருக்கி, டீ வைத்து, புத்தகங்களுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடைக்கு வருகிறவர்கள் பெயர் கேட்டால்கூட டீ டம்ளரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் ஆய்வேடு அடிக்க அவரிடம்தான் வருவார்கள். தாங்கள் படித்த புத்தகங்களின் பட்டியலைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். அதை ஒரு மென்பொருளுக்குள் ஏற்றினால் அதுவே வரிசைப்படுத்தி ஆய்வேட்டின் கடைசியில் வைத்துவிடுமாம். ஏற்றும்போதுதான் வினை. தமிழ் எழுத்து, தலையில் புள்ளி வைத்த வெளிநாட்டு எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிடும். அந்தக் கட்டங்களுக்கு பாய் வைத்த பெயர் டப்பா. ஊர் அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பதுபோல் கேட்பார்.

“இந்த பைல் எந்த வூட்ல பொறந்துச்சு? நடுவுல யாரு தொட்டாங்க? எதுல தொறந்தாங்க?”

“சும்மா ஒரு தடவை தொறந்து பாத்தேன் பாய்.”

“சும்மா தொறக்க அது இன்னா ஜன்னலா?”

ஒரு பேராசிரியரையே வெளியில் நிற்க வைத்திருக்கிறார். சொந்த மகள் நிக்காஹ் பத்திரிகையில், சம்பந்தி பெயர் நடுவே ஒரு டப்பா அச்சாகிவிட்டது. கொடுத்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பத்திரிகையைத் திரும்ப வாங்கிப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டில் அந்தப் பத்திரிகையில் வடையைச் சுற்றி வைத்திருந்தார்கள். வடையை எடுத்து வைத்துவிட்டு எழுதினார்.

கடைச் சுவரில் அட்டையில் இரண்டு கட்டளைகள் தொங்கும். ‘முதலில் நகல் எடு. எச்சரிக்கை வந்தால் படிக்காமல் சரி அழுத்தாதே.’

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அன்றைக்கு மறியல். பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. கடைகளை எல்லாம் சாத்திவிட்டார்கள். பாயும் ஷட்டரை இறக்கினார். அது பாதி இறங்கும்போது ஒரு பெண் குனிந்து உள்ளே நுழைந்தாள். கரியாலூரிலிருந்து வந்த செல்வி. மலையிலிருந்து மாமாவின் வண்டியில் இறங்கி, மறியல் தொடங்கிய இடத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள்.

“பாய், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்ட ஆன்லைன்ல அனுப்பணும். ரெண்டு தடவை தவணை வாங்கிட்டேன். இன்னிக்கு வுட்டா என் பேரையே அடிச்சிடுவாங்க. ஆறு வருஷம் பாய்.”

அவள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே அவள்தான். பாய் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உள்ளே விளக்கை அணைத்தார். கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும் இருந்தது.

பட்டியலை ஏற்றினார். பாதியில் நின்றுவிட்டது. இங்கிலீஷில் ‘அண்ட்’ என்பதற்குச் சுழித்துப் போடுவார்களே, & என்று, அந்தக் குறி ஒரு பதிப்பகத்தின் பெயரில் உட்கார்ந்திருந்தது. மென்பொருள் அதைத் தாண்ட மாட்டேன் என்றது. “இரு உன்ன” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பென்டிரைவில் இருந்த பைலையே திறந்து அதைத் திருத்தினார். வெளியே கோஷம் நெருங்கிக்கொண்டே வந்தது. திருத்தியதைச் சேமிக்கப் போனார். திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது.

ஷட்டரில் டமார் டமார் என்று அடி!

பாய் துள்ளி எழுந்தார். எழுகிற வேகத்தில் விரல் ‘சரி’யை அழுத்தியது. பைலையும் மூடிவிட்டார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

“பாய்! உள்ளதான் கீறியா?” வெளியே ஒரு குரல். “தங்கச்சி மஞ்சத்தண்ணி பத்திரிகை நாளைக்கு ஆவுமா?”

“ஆவும் போய்யா!” என்றார் பாய். குரல் கீச்சென்று வந்தது.

உட்கார்ந்து பைலைத் திறந்தார். இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தமிழ்ப் புத்தகங்கள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். டப்பாகூட இல்லை. டப்பா என்றால் உள்ளே எழுத்து இருக்கிறது என்று அர்த்தம், மீட்டுவிடலாம் என்பார். கேள்விக்குறி என்றால் எழுத்து செத்துப்போச்சு. ‘இப்படிச் சேமித்தால் சில எழுத்துகள் அழிந்துவிடும், சரியா?’ என்பதுதான் திரையில் வந்த கேள்வி. நகலும் எடுக்கவில்லை. இரண்டு கட்டளைகளையும் ஒரே நிமிஷத்தில் மீறியிருந்தார்.

செல்வி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நூலகத்தில் உட்கார்ந்து தன் கையால் எழுதிய நோட்டு. நாற்பத்தோரு தமிழ்ப் புத்தகங்கள். மணி மூன்றேகால்.

“படிம்மா, அடிக்கிறேன்” என்றார் பாய்.

அவள் படித்தாள். மலையில் இந்தக் கொல்லையிலிருந்து அந்தக் கொல்லைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். முதல் புத்தகத்துக்கே ஷட்டர் அதிர்ந்தது.

“யா அல்லா! மெதுவாம்மா! ரோட்ல கீறவன்லாம் உள்ள வந்துடப் போறான்.”

“மெதுவாதான் பாய் படிக்கிறேன்!”

பாய் சுற்றிலும் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது.

“அக்கா, நீ படிக்கா.”

நான் டீ டம்ளரைப் பார்த்தேன். “எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் பாய். கஸ்டமர் எதிர்லல்லாம்...”

“எழுத்துக் கூட்டிப் படிச்சாதான் ஒரு எழுத்துகூட வுட்டுப்போவாது. ஒன் சத்தம் எனக்கே பாதிதான் கேக்கும், தெருவுக்கு எங்க கேக்கப்போவுது? வா, பக்கத்துல குந்து.”

செல்வி அடுத்த கம்ப்யூட்டரில் பக்க எண்களைச் சரிபார்க்கப் போனாள். நான் படித்தேன். எழுதியவர் பெயர், புத்தகத்தின் பெயர், ஊர், வருஷம். வெளியே கோஷம் வரும்போது நிறுத்தினேன், தள்ளிப் போனதும் தொடர்ந்தேன். என் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு எழுத்தும் அவர் விரலில் போய் உட்கார்ந்தது. நாலே முக்காலுக்கு நாற்பத்தொன்றாவது புத்தகம். நகல் எடுத்தார். இன்னொரு நகல் எடுத்தார். பட்டியலை ஏற்றினார். டப்பா இல்லை, கேள்விக்குறி இல்லை. அஞ்சுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் செல்வி அழுதாள். அதுவும் சத்தமாகத்தான்.

பாய் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துச் சுவரில் இருந்த அட்டையின் அடியில் எழுதினார்: ‘பாய் உட்பட.’

செல்வி இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கடை போய்விட்டது. கண்ணில் பார்வை மங்கி, பாய் வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இதை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டித்தான்.

“ஒண்ணுமே காதுல வுழலக்கா” என்றார். “மொதல்லேர்ந்து படி.”

முதல் தடவையே எல்லாம் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.