வில்லனுக்கு நஷ்ட ஈடு கேட்டவள்

பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். நான் திறந்ததோடு நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு அறிவிருக்கிறதா என்று, ஹால் நிறைய ஆட்கள் இருக்க, அவரிடமே கேட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலை. அங்கே வெடிமருந்து தீப்பிடித்ததில் இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. வந்த வரன்களெல்லாம் போட்டோவில் வலது பக்கத்தைப் பார்த்து வந்தார்கள், நேரில் இடது பக்கத்தைப் பார்த்துப் போனார்கள்.

அடுத்து வந்த வரன் விருதுநகர் செல்வம். பருப்பு மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஒரு பள்ளிக்கூட ஹாலில் வெளிநாட்டுப் படம் போடுவாராம். "கோயில்ல வச்சுப் பார்த்தா கூச்சம். படத்துக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் மனைவி, என் மதினி, கூட வந்தாள். "முந்தானையை இடப்பக்கம் இழுத்துவிட்டுக்கோ. கேட்டா மட்டும் பேசு."

ஜப்பான் படம். முகமூடி போட்ட வீரன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிறான். வில்லன், தொழிற்சாலைத் தீயில் முகம் வெந்த தொழிலாளி. முதலாளி கைவிட்ட ஆத்திரத்தில் நகரத்தை அழிக்க வருகிறான். அந்த முகம் திரையில் வரும்போதெல்லாம் ஹாலில் அருவருப்பாக ஒரு சத்தம். நான் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். கடைசியில் வீரன் அவனைக் கடலுக்குள் உதைத்துத் தள்ள, எல்லோரும் கைதட்டினார்கள்.

விளக்கைப் போட்டார்கள். மீசையில்லாத ஒருவர் முன்னால் வந்து, "படத்தைப் பத்தி யாராச்சும் பேசுறீகளா?" என்றார். யாரும் அசையவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டன.

"அவனுக்கு நஷ்ட ஈடு குடுத்தாகளா?"

சிலர் சிரித்தார்கள். (அந்தச் சிரிப்பு மட்டும் வராமலிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.)

"முகம் வெந்தவன்னா வில்லனாத்தான் இருக்கணுமா? வேக வச்ச முதலாளி கோட்டுப் போட்டுக்கிட்டு நல்லாத்தான இருக்கான், அவனை ஏன் யாரும் உதைக்கல? எங்க பக்கம் வெந்தவுக அம்புட்டுப் பேரும் காலையில வேன் ஏறி வேலைக்குத்தான் போறாக. யாரும் ஊரை அழிக்கல. இந்தப் படத்தைப் போட்ட ஆளுக்கு அறிவு வேணாமா?"

பேசின வேகத்தில் முந்தானை தோளுக்கு இறங்கியிருந்தது. மதினி சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. அவருதான் மாப்பிள்ளை." (போட்டோவில் மீசை இருந்தது. மீசையை எடுத்த மனுஷன் சொல்லியனுப்பக் கூடாதா?)

அவர் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான்தாங்க போட்டேன். ரெண்டு தடவை பார்த்தேன். எனக்கு இது தோணவே இல்லை" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சிவகாசி வரும்வரை பஸ்ஸில் மதினி வாய் திறக்கவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாள். "அடுத்த வரனுக்கு உன்னை ஊமைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும்."

அடுத்த வரன் வரவில்லை. அந்த வாரமே செல்வம் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா என் கன்னத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த முதலாளி கடைசியில என்னதான் ஆனான்? இவனைக் கேட்டா தெரியலைங்கான்" என்றார். எனக்கும் தெரியவில்லை. என்ன ஆகியிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசினோம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு டிவியில் தழும்புள்ள வில்லன் வந்தால் என் மகள் முதலில் என்னைப் பார்ப்பாள்.

"அப்பா, சேனலை மாத்துங்க. அம்மா எந்திரிக்கப் போறாக."