மயிலிட்டிப் பரமலிங்கம் தம்பிக்கு

2024 யூன் 8, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, உடுவிலில் இரசாயன ஆசிரியர் கோபிசங்கரின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் மாட்டப்பட்டது. மூன்று பத்துக்கு அது கழற்றப்பட்டது.

கழற்றச் சொன்னவர் அவருடைய மனைவி கஜானி. படத்தில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சைக்கிளில் வலிகாமமெங்கும் திரிந்து, கடிதமும் கொடுத்துக் கள்ளரையும் பிடிக்கிற ‘தபால் தம்பு’ சித்திரக்கதையைச் சின்ன வயதில் அவரும் வாசித்தவர்தான். ஆறு கட்டங்கள், கறுப்பு மையில் கீறியது, கடைசிக் கட்டத்தின் மூலையில் ‘அருமை’ என்ற கையொப்பம். எல்லாம் சரி. படத்துக்கு அடியில் நீலப் பேனாவால் எழுதியிருந்த ஒற்றை வரிதான் சரியில்லை.

“மயிலிட்டிப் பரமலிங்கம் தம்பிக்கு, இத்தனை கடிதங்களுக்கும் நன்றி. அன்புடன் அருமை. 14.4.1986.”

“என்னப்பா, உது எந்தப் பரமலிங்கம்?”

“மயிலிட்டியிலை எத்தினை பரமலிங்கம் இருந்திருப்பினம்.”

“மதிலுக்கு அங்காலை இருக்கிறவரும் மயிலிட்டியாலை இடம்பெயர்ந்து வந்தவர்தானே?”

கோபிசங்கர் கதிரையில் இருந்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து அந்தப் பார்சல் வந்து ஒரு கிழமை. அந்த வரியை நூறு தரமாவது வாசித்திருப்பார். ஒவ்வொரு தரமும் கண் ‘அன்புடன் அருமை’யில் போய் நின்றதே தவிர, அன்பு யாருக்கு என்று பார்க்கவில்லை.

முப்பது வருடமாக அவர் தபால் தம்புவைச் சேர்க்கிறார். பழைய வாரப் பத்திரிகைகள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. எல்லாம் அச்சில் வந்தவை. செத்துப்போன ஓவியர் அருமையின் கை பட்ட தாள் ஒன்றாவது வீட்டில் இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காக இரண்டு முதல் இதழ்களையும், வேறு எவரிடமும் இல்லாத ஒரு தீபாவளி மலரையும் ரொறன்ரோவில் இருக்கிற இன்னொரு சேகரிப்பாளருக்குக் கொடுத்து மாற்றியிருந்தார்.

அடுத்த வீட்டுப் பரமலிங்கத்தோடு அவருக்குக் கதைபேச்சு நின்று இரண்டு வருடம். மதில் ஓர் அடி தள்ளிக் கட்டப்பட்டதா இல்லையா என்பது மல்லாகம் கோட்டில் வழக்காக இருந்தது. கதைப்பதேயில்லை என்றும் சொல்லமுடியாது. பரமலிங்கம் சொல்ல வேண்டியதைத் தன் நாய் ரைகருக்குச் சொல்லுவார். கோபிசங்கர் தன் முருங்கை மரத்துக்குப் பதில் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதிலுக்கு அப்பால் பேப்பர் விரிக்கும் சத்தம் கேட்டது.

“ரைகர், கேட்டியே? பதினைஞ்சாந் திகதி உடுவிலிலை அருமையின்ரை படங்களைக் கண்காட்சிக்கு வைக்கினமாம். எனக்கும் அந்த மனுசன் ஒண்டு அனுப்பினவரடா. கிழமைக்கு ஒரு கடிதம் போடுவன். தொண்ணூறிலை ஓடேக்கை சாமியறைக்குள்ளை வைச்சிட்டு வந்தனான். இருபத்தேழு வருசத்தாலை போய்ப் பாத்தா, படம் என்ன, வீட்டையே காணேல்லை.”

ரைகர் கொட்டாவி விட்டது. முருங்கை மரத்துக்கு அன்று எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

“அவரின்ரைதான்,” என்றார் கோபிசங்கர், குசினிக்குள் வந்து.

“அப்ப குடுத்துவிடுங்கோ.”

“விசரே உமக்கு? அருமையின்ரை கை பட்ட தாள்!”

“பேர் அவரின்ரையல்லோ.”

“ஓர் அடி காணிக்குக் கோட்டுக்குப் போன மனுசன், தன்ரை பேர் எழுதின படத்தைக் கண்டா விடுவாரே? நாளைக்கே அதுக்கும் ஒரு வழக்கு வைப்பார்.”

படத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கலாம். ஆனால் கண்காட்சியை நடத்துகிற கலாசார உத்தியோகத்தர் வித்தியாவுக்குப் படம் தருவதாக, பார்சல் வருமுன்னரே அவர் வாக்குக் கொடுத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதிபர் முதல் காவலாளி வரைக்கும் சொல்லியும் இருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் யாழ்ப்பாணம் போனார். ஐந்து சந்திக்குக் கிட்ட யாக்கூபின் பிரேம் கடை.

“யாக்கூப், அடியிலை அகலமா ஒரு அட்டை போட்டு இந்த வரியை மறைக்க வேணும்.”

யாக்கூப் அளந்து பார்த்தார். “வரியை மறைச்சா கீழ்க் கட்டங்களிலை சைக்கிள் சில்லும் போயிடும், சேர்.”

“போகட்டும்.”

“தம்பு பறக்கிற மாதிரியல்லோ இருக்கும்?”

“பறக்கட்டும் யாக்கூப்.”

ஒரு மணித்தியாலத்தில் தம்பு சில்லில்லாத சைக்கிளில் காற்றில் மிதந்தபடி கள்ளனைத் துரத்தினான். கோபிசங்கர் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில், கண்காட்சிக்கு அடித்த மற்றப் பிரேம்களை எடுக்க வித்தியா அதே கடைக்கு வந்தது அவருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பழைய படத்துக்குப் பிரேம் அடிக்கிறவர் என்றால் எல்லாருக்கும் யாக்கூப்தான்.

செவ்வாய்க்கிழமை இடைவேளைக்குத் தொலைபேசி அடித்தது. வித்தியா.

“சேர், ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை? அருமை ஐயா தன்ரை கையாலை பேரெழுதிக் குடுத்த படமாமே! யாக்கூப் அண்ணை சொன்னவர். ஆர் சேர் அந்த மயிலிட்டிப் பரமலிங்கம்? ஆளைத் தேடிப் பிடிச்சு மேடையிலை பொன்னாடை போத்துவம்.”

“அவர்... இப்ப இல்லைப் பிள்ளை.”

மயிலிட்டியில் இப்போது இல்லை என்பதைத்தான் தான் சொன்னதாகப் பிறகு கஜானிக்குச் சத்தியம் செய்தார்.

“ஐயோ! எப்ப சேர்?”

“அது... கனகாலம்.”

“கடவுளே. ஒரு வார்த்தை பேசக்கூட ஆளில்லை,” என்று வித்தியா தொலைபேசியை வைத்தார். நல்ல பிள்ளை. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

வியாழக்கிழமைப் பேப்பரில் கண்காட்சியின் நிகழ்ச்சிநிரல் வந்தது. ஓவியர் அருமையின் மனைவி திருமதி பாலேஸ்வரி திறந்து வைப்பார். அமரர் மயிலிட்டி பரமலிங்கத்துக்கு ஓவியர் எழுதி வழங்கிய அரிய மூலப்படம் காட்சிக்கு வைக்கப்படும். அமரருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலியும் உண்டு.

கோபிசங்கர் பல்விளக்கிக் கொண்டிருந்தார். மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ரைகர், நான் செத்துப்போனனாம்.”

ரைகர் வாலை ஆட்டியது, மதில் இடுக்கால் தெரிந்தது.

“எப்ப எண்டு போடேல்லை. போட்டிருந்தா பென்சனை நிப்பாட்டிப்போடுவாங்கள்.”

கோபிசங்கர் பற்பசையை விழுங்கிவிட்டார்.

அரை மணித்தியாலம் செல்லவில்லை, வித்தியா தொலைபேசி எடுத்தார்.

“சேர்! பரமலிங்கம் ஐயா உயிரோடை இருக்கிறார்!”

“அப்பிடியே?”

“உங்களுக்குச் சந்தோசமில்லையே சேர்? அவரே எடுத்துக் கதைச்சவர். ‘பிள்ளை, அஞ்சலி செலுத்தேக்கை நான் எழும்பி நிக்கிறதோ, இருக்கிறதோ?’ எண்டு கேக்கிறார். எனக்கு உயிரே போச்சு சேர். விலாசம் கேட்டா, உங்கடை அடுத்த வீடாம்!”

“ஓம்... மதில்தான் இடையிலை.”

“சனிக்கிழமை வந்து பாத்துத் தன்ரை படமோ எண்டு சொல்லுறாராம்.”

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். அந்தப் படத்திலை எழுத்தே இல்லை. யாக்கூப் வேற ஆரின்ரையோ படத்தோடை மாறாட்டம். நீர் பரமலிங்கம் எண்டு கேக்க, நானும் வேற ஆளை நினைச்சுச் சொல்லிப்போட்டன்.”

வித்தியா விடவில்லை.

“எழுத்தில்லையெண்டா, அடியிலை ஏன் சேர் அவ்வளவு பெரிய அட்டை? சில்லெல்லாம் மறைஞ்சு போச்செண்டு யாக்கூப் அண்ணைக்கு மனவருத்தம். அட்டையைக் கழட்டி முழுப்படமாக் கொண்டு வாங்கோ. ஐயாவும் பாத்தாப் பிறகு ஒரு சந்தேகமும் இருக்காது.”

வெள்ளிக்கிழமை கோபிசங்கர் லீவு போட்டார்.

பதினெட்டு வருடமாக இரசாயனம் படிப்பிக்கிறவர். கறுப்பு மை கரி, அதை எதுவும் தொடாது. நீலப் பேனா மை அப்படியில்லை, வெளிறும். சாப்பாட்டு மேசையில் படத்தைப் பரப்பி, பஞ்சு சுற்றிய ஈர்க்கிலோடு தயாரானார்.

“கஜானி, கிணத்துக்குப் போடுற குளோரின் எங்கை?”

“ஏன், கிணத்துக்கு என்ன?”

“கிணத்துக்கு ஒண்டுமில்லை.”

கஜானி போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் மேசையைப் பார்த்தார். “என்னப்பா செய்யிறியள்?”

“பேரை மட்டும்தான் எடுக்கிறன். ‘அன்புடன் அருமை’ அப்பிடியே இருக்கும்.”

‘மயிலிட்டி’ முதலில் போனது. ‘பரமலிங்கம்’ மங்கி, மண்ணிறமாகி, இல்லாமலானது. ‘தம்பிக்கு’ தானாகவே பின்னால் போனது. கோபிசங்கர் நிமிர்ந்து மூச்சு விட்டார். அவர் மூச்சு விட்ட அந்த நேரத்தில் ஈரம் தாளின் நாரைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் நடந்தது. ஒற்றுத்தாளை எடுத்து ஓடி வருவதற்குள் கடிதங்கள், நன்றி, அன்பு, அருமை, சித்திரைப் புத்தாண்டுத் திகதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன.

படத்துக்கு அடியில் வெறும் வெள்ளை விளிம்புதான் இருந்தது.

“பாவம் அந்த மனுசன்,” என்றார் கஜானி.

“படம் அப்பிடியே இருக்குத்தானே?” என்றார் கோபிசங்கர். “கட்டத்துக்குள்ளை கையொப்பமும் இருக்கு. மூலப்படம் மூலப்படம்தான்.”

சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. தம்புவுக்குச் சில்லுகள் திரும்பக் கிடைத்திருந்தன. கீழே ‘ஓவியம்: அருமை. மூலப்படம், 1986’ என்ற அட்டை. யாக்கூப் வந்து கண்ணாடியைத் துணியால் துடைத்தார். வெறும் விளிம்பைப் பார்த்தார். கோபிசங்கரைப் பார்த்தார். பிறகு, ஏற்கனவே துடைத்த இடத்தை இன்னொரு தரம் துடைத்துவிட்டுப் போனார்.

பரமலிங்கம் சலவை வேட்டியோடு வந்தார். ரைகரைக் கூட்டிவரவில்லை. படத்தின் முன்னால் அவர் நின்ற நேரம் ஒரு நிமிட மௌனத்தைவிடக் கூட. கடைசியில், சொல்வதற்கு நாய் இல்லாதபடியால், நேராகவே சொன்னார்.

“மாஸ்டர்.”

இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. “ஓம்?”

“என்ரை படமும் அச்சொட்டா இதுதான். ஆனா என்ரையிலை அடியிலை எழுதியிருந்தது. இது வேற.”

“ஓம்... இது வேற.”

“நான் கேட்டு வாங்க வரேல்லை, மாஸ்டர். பயப்பிடாதேங்கோ. என்ரை வீட்டிலை வைச்சா ரைகர் கடிச்சுப்போடும். உங்களிட்டை இருந்தாப் பத்திரமா இருக்கும். அந்த வரியை ஒருக்கா வாசிச்சுப்போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்.”

அவர் நகர்ந்து அடுத்த படத்துக்குப் போனார். கோபிசங்கர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவுதானா? வாசித்துவிட்டுப் போக வந்தவரா? ஆனாலும் படம் இருக்கிறது, தன்னிடம்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வித்தியா பாலேஸ்வரி அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எண்பதைத் தாண்டிய, மெலிந்த மனுசி. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஓம், இது எங்கடை வீட்டிலை இருந்து போன படம்தான்.”

“நிச்சயமா அம்மா?” என்றார் கோபிசங்கர்.

“எனக்குத் தெரியாதே? உந்தச் சில்லுக் கம்பியை ஒவ்வொண்டா எண்ணிக் கீறினது.”

கோபிசங்கருக்கு உயிர் திரும்ப வந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சிரித்தார். பாலேஸ்வரி அம்மா இன்னும் குனிந்தபடியே, விரலால் கண்ணாடியின் அடி விளிம்பைத் தடவித் தேடினார்.

“அடியிலை எழுதினது எங்கை, தம்பி?”

“எழுத்து இல்லாமலும் ஒண்டு ரண்டு குடுத்திருப்பார்தானே அம்மா? படம்தானே முக்கியம்.”

“குடுக்கமாட்டம் தம்பி. அவர் கீறினதெல்லாம் அச்சுக்கூடத்துக்குப் போனா ஒண்டும் திரும்பி வாறேல்லை. வாசகர் ஆரும் ஆசைப்பட்டுக் கேட்டா, ஒருக்காக் கீறினதைத் திருப்பிக் கீற அந்த மனுசனுக்குப் பஞ்சி, அலுப்பு. பேப்பரைப் பாத்து, கட்டத்துக்குள்ளை இருக்கிற கையொப்பத்தையும் சேர்த்து, முழுக்க நான்தான் கீறுவன்; அவரின்ரை கை படுறது அடியிலை எழுதுற அந்த ஒரு வரியிலை மட்டும்தான்.”