டால்பின்களுக்குக் கோத்ரம் உண்டா?

முதல் படத்தைத் திரையில் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் கல்யாணராமன் பார்த்தான். மூன்றாவது வரிசையில் அவன் காதலிக்கும் மாளவிகாவின் அப்பா பத்ரிநாராயணன் உட்கார்ந்திருந்தார்.

1996. அடையாறில் ஒரு கல்லூரி அரங்கு. அன்று அவனுடைய டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். அதற்காகப் பத்ரிநாராயணனா வரவேண்டும்? மயிலாப்பூர்க் குளக்கரையில் தூர இருந்தே பார்த்துப் பயந்த அதே சோடாபுட்டிக் கண்ணாடி.

போன மாதம்தான் மாளவிகாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தான்.

"நமக்கு ஒரே கோத்ரம். நீங்க தலைகீழா நின்னாலும் அப்பா சம்மதிக்க மாட்டார்" என்று அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோத்ரமாவது மண்ணாவது! அது சயின்ஸே இல்லைன்னு உங்கப்பாகிட்டயே நிரூபிக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தான்.

தன் ஆராய்ச்சியின் முடிவை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேரும் டால்பின் கூட்டத்தில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே வகையாகக் குறுகிவிடும், கூட்டத்துக்கே ஆபத்து. அதுதான் முடிவு.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஜெயபாரதி ஆரம்பித்தார். "சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தா டால்பினுக்கு என்ன பாதிப்பு?"

சோடாபுட்டிக் கண்ணாடி முன்னால் சாய்ந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்லை, மேடம்."

"எண்பத்து நாலாம் பக்கத்துல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

"டைப்பிங் மிஸ்டேக், மேடம்."

"தொண்ணூத்தொண்ணாம் பக்கம்?"

"அதுவும்..."

"ஆறு வருஷமா டைப்பிங் மட்டும்தான் பண்ணீங்களா?"

அரங்கு சிரித்தது. அவனுடைய வழிகாட்டி லூயிஸ், சாந்தோம்காரர், அருகில் வந்து பல்லைக் கடித்தார். "இன்னாடா உளர்றே? பட்டம் வேணுமா, வேணாமா?"

"ரெண்டும் வேணும் சார்" என்றான், மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு எவன்டா தர்றான்?"

ஜெயபாரதி ஆய்வேட்டை மூடிவிட்டார். பேனாவையும் மூடப்போன நேரத்தில் மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது.

"ஒரே கூட்டத்துக்குள்ள சம்பந்தம் பண்ணிண்டா நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்கோ" என்றார் பத்ரிநாராயணன்.

நீலாங்கரை மணலில் செத்து ஒதுங்கிக் கிடந்த ஒரு தாயும் குட்டியும் கல்யாணராமனுக்கு ஞாபகம் வந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வுக்காக அவற்றின் தோலைக் கீறி எடுத்தவன் அவன். அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கெட்டது." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு வைரஸ் வந்தா கூட்டமே போயிடும்."

பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாளவிகா ஓரடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள், டாக்டர்" என்று ஜெயபாரதி கைகுலுக்கியபோது அவனுக்கு அழுகைதான் வந்தது.

டிபன் மேஜையில் பத்ரிநாராயணன் இரண்டாவது வடையில் இருந்தார். "பிரமாதமாப் பேசினேள்! ரிடையர் ஆனப்புறம் நான் ஒரு வைவாவையும் விடறதில்லை."

"நீங்கதான் ஜெயிச்சேள், மாமா. ஒரே கோத்ரத்துல உங்க மாளவிகாவைக் கேட்டது என் தப்பு. நானும் ஸ்ரீவத்சம்தான்."

"நாங்க கௌசிகமாச்சே! ஒரே கோத்ரம்னு யார் சொன்னா?"

"மாளவிகாதான்..."

பத்ரிநாராயணன் அவனைப் பரிவோடு பார்த்தார். தன் தட்டிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"போன வருஷம் அந்த பேங்க் பையன்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கா. அவன் பாரத்வாஜம்."